போலகம் வரைக்கும் போகும்

என் கணவரின் ஸ்கூட்டர் ஹாரனிலிருந்து தப்பிக்கத்தான் நான் பேட்டரி சைக்கிள் வாங்கினேன். கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். பங்குத் தந்தை கேட்டபோது சுற்றுச்சூழல் என்றுகூடச் சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டார். அதெல்லாம் சும்மா.

என் தங்கை போலகத்தில் இருக்கிறாள். அவள் கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன, மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமைதோறும் என் கணவர் என்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அங்கே அழைத்துப் போவார். மனிதர் தங்கமானவர், அதில் சந்தேகமில்லை. தங்கையின் கணவர் உயிரோடு இருந்தவரை இருவரும் கூடத்தில் உட்கார்ந்து அரசியல் பேசிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர் போன பிறகு இவருக்கு அந்த வீட்டுக்குள் உட்காரவே கூச்சமாகிவிட்டது. வாசலில் பூவரச மரத்தடியில், நிறுத்திய ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்துகொள்வார். டீயைக்கூட அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

டம்ளர் காலியானதும் ஹாரன் அடிப்பார். முதல் ஹாரன் மரியாதையாக இருக்கும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிற அளவுக்கு. அடுத்தது கொஞ்சம் நீளம். அதற்கும் நான் அசையவில்லை என்றால் விடாமல் அழுத்துவார், எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பிக்கும். நாய் குரைத்தால் நான் எழுந்துவிட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

இதனால் நானும் தங்கையும் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை. உதாரணத்துக்குப் பூசணிக்காய் விஷயம். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் பூசணிக்கொடி சுவர் ஏறி இந்தப் பக்கம் வந்து காய்த்துவிட்டது. அதைத் தங்கை பறித்துவிட்டாள். ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி கேட்டைத் திறந்தாள். "கையில அருவாளோட உள்ள வர்றாக்கா" என்று தங்கை சொன்ன இடத்தில் ஹாரன். அடுத்த வாரம் முதலிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடியும் அருவாளோடு வந்தாள், மறுபடியும் ஹாரன். போனில் சொல்லேன் என்றால் அதற்கும் மாட்டாள், நேரில் கைகாலை ஆட்டிச் சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி. அந்தப் பெண் மாதக்கணக்கில் அருவாளோடு கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தங்கையோடு ஒரு பேச்சை, ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம்வரை, ஒரு தடவையாவது பேசி முடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பஸ்ஸில் போகலாமே என்று தோன்றும். ஒருமுறை போனேன். இறங்கி நடந்து தங்கை வீட்டை அடைந்தபோது பூவரச மரத்தடியில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. "நான் இருக்கயில உனக்கு எதுக்கு பஸ்ஸு" என்றார். அன்றைக்கு டீ ஆறுவதற்குள் ஹாரன் அடித்தார்.

பேட்டரி சைக்கிள் என்று நான் வாயைத் திறந்த நாள் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாகப்பட்டினத்துக்காரன் நாகூர்க்காரன்லாம் பெட்ரோல் வெல கம்மின்னு வண்டிய ஓட்டிக்கிட்டு நம்ம காரைக்காலுக்கு வர்றான். இந்த ஊர்ல குடியிருந்துக்கிட்டு நீ கரண்டுல ஓட்டணும்ங்கிற" என்றார்.

"அவனுங்க வர்றதுக்காக நான் பெட்ரோல் குடிக்க முடியுமா?" என்றேன்.

புது சைக்கிள் விலையைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது. அதனால் பழையது பார்ப்பதாக முடிவானது. பழையது என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய வண்டி விற்பவன் எல்லோரும் திருடன் என்பது அவர் கொள்கை. இத்தனைக்கும் அவருடைய முந்தைய ஸ்கூட்டரை அவர் விற்றது எப்படி என்று எனக்குத் தெரியும், வாங்கியவருக்கு மட்டும்தான் தெரியாது.

"சரி, வாங்கு. அது போலகம் வரைக்கும் உன்னைக் கொண்டுபோய்ச் சேத்துட்டா நான் அப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேன். ஆனா வழியில நின்னுடுச்சுன்னா, அதை வித்துட்டு பேசாம என் பின்னாடி உக்காந்து வரணும். ஒத்துக்கறியா?" என்றார்.

ஒத்துக்கொண்டேன். திரும்பி வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அப்போது நானும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். வட இந்தியாவில் யாரோ ஒரு பையன் சைக்கிளைக் கழற்றிப் போட்டு இந்தியில் விளக்கிக்கொண்டிருப்பான். இவருக்கு இந்தி தெரியாது. ஆனாலும் அவ்வப்போது 'அப்படிப் போடு' என்கிற மாதிரித் தலையாட்டுவார். ஒரு வாரத்தில் எனக்கு வகுப்பு எடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். பிரேக்கைத் தொட்டால் மோட்டார் உடனே நிற்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரக்கூடாது. வயிறு உப்பியிருக்கக்கூடாது. பேட்டரிப் பூட்டுக்கு ரெண்டு சாவியும் இருக்க வேண்டும். பில்லில் இருக்கிற நம்பரும் சட்டத்தில் பொறித்திருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போலீஸ் வீட்டுக்கு வரும். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதைப் பிற்பாடு நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, மனதுக்குள் மட்டும்.

முதலில் ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் பார்த்தோம். சைக்கிள் கூடத்தில் நின்றது, ஹாண்டில்பாரில் ரெண்டு துண்டும் ஒரு பனியனும் காய்ந்துகொண்டிருந்தன. "ஓட்டவே இல்லீங்க. புதுசு மாதிரி வச்சிருக்கோம்" என்றார் வீட்டுக்காரர். என் கணவருக்கு முகம் மலர்ந்தது. ஓட்டாத வண்டி அல்லவா.

துண்டை எடுக்கச் சொல்லிவிட்டு நான் டயரைப் பார்த்தேன். ரப்பர் முடிகூடத் தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் பழைய செருப்பு மாதிரி வெடித்திருந்தது. சார்ஜ் போடச் சொன்னோம். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிறது என்று அர்த்தம், பச்சை வந்தால் நிறைந்துவிட்டது. மாட்டிய கையோடு பச்சை வந்தது. "பாருங்க, ஃபுல்லா இருக்கு" என்றார். என் கணவர் ஏறி உட்கார்ந்து கம்பீரமாகத் தெருமுனைவரை போனார். வரும்போது தள்ளிக்கொண்டு வந்தார். ஓடாமல், சார்ஜும் போடாமல் கிடந்த பேட்டரி உள்ளுக்குள்ளேயே செத்துப்போய்விடுமாம். துண்டு காயப்போட மட்டும் அது நல்ல சைக்கிள்.

அது தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்தான். அதனால் காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணுக்கு அந்த நாற்பது நாளும் எங்கள் தெருவில் நல்ல வியாபாரம். அந்த வெள்ளிக்கிழமை அவள் கூடையை இறக்கிவைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சர், கரண்டு சைக்கிள் தேடுறீங்களாமே?"

நான் கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேருக்கு நான் டீச்சர்தான்.

"யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"சார்தான். வாசல்ல போற வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறாங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு. நான் பெரிய வண்டி எடுத்துட்டேன், இது சும்மா நிக்கிது. ஒரு நாளைக்கு சாயங்காலமா மேட்டுக்கு வாங்க, பாக்கலாம்."

"காலைல வர்றேனே, வெயிலுக்கு முன்னாடி."

"காலைல ஏலம் இருக்கும், மீன் பிரிக்கணும். நின்னு பேச முடியாது. சாயங்காலமே வாங்க டீச்சர்" என்று அழுத்திச் சொன்னாள்.

இவளிடம் நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மீன் வாங்குகிறேன். ஒருநாளும் அவளை நம்பியதில்லை, அவளும் என்னை நம்பியதில்லை, அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு சங்கராவைக்கூட வாங்கமாட்டேன். செவுளில் நிறம் போயிருந்தால் அவளே கையால் மூடிக்கொண்டு வேறு மீனைக் காட்டுவாள்.

திங்கட்கிழமை மாலை என் கணவரை மிளகாய் அரைக்க மில்லுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் ஆட்டோவில் மேட்டுக்குப் போனேன். சைக்கிள் வலை காயும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தாள். எண்ணெய் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கண் மட்டும் பளபளக்கிற மீனை இவள் எத்தனை தடவை என் தலையில் கட்டப் பார்த்திருப்பாள்.

செவுளைத் தூக்குகிற மாதிரி பேட்டரியைத் தூக்கினேன். அடியில் செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது.

"என்னம்மா இது?"

"கடல் காத்துல பூக்குறதுதான் டீச்சர். எங்க வீட்டு டிவிலகூடப் பூத்திருக்கு."

அது நியாயமாகத்தான் இருந்தது. உப்புத்தாள் வாங்கிவரச் சொல்லித் தேய்த்துப் பார்த்தேன், உள்ளே நல்ல செம்பு. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், உப்பவில்லை. குலுக்கினேன், சத்தமில்லை. பின்சக்கரத்தின் நடுவில்தான் மோட்டார் இருக்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் நேராக அதன் மேல்தான் சொட்டியிருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். கரகரப்பு இல்லை. மழையில் தண்ணீர் தேங்கியபோது எங்கே நிறுத்தியிருந்தாய் என்று கேட்டதற்கு, "படகுக்குள்ள தூக்கி வச்சிருந்தோம்" என்றாள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பில் இருந்தது, நம்பர் ஒத்துப்போனது, ரெண்டு சாவியும் இருந்தன. ஒரு சாவி மீன் செதிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாம் பாத்துட்டீங்கல்ல. ஓட்டிப் பாருங்க. அப்படியே ஊருக்குள்ள போயி, வேணும்னா உங்க வீட்டுலயே நிறுத்திக்கோங்க. நான் பின்னாடியே பெரிய வண்டில வர்றேன்" என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியது கால்களுக்கு ஞாபகம் இருந்தது. நாலு மிதி மிதித்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது, வண்டி பறந்தது. மேடு என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு மேடும் கிடையாது, எல்லாம் தாம்பாளம் மாதிரி சமதளம். சார்ஜ் காட்டும் கோடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. என் கணவர் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குள் நுழைகிற திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தபோதுதான் முந்தானையைக் கவனித்தேன். அது எனக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தது. ஓடுகிற வண்டியில் முந்தானை பின்னால்தானே பறக்க வேண்டும். முப்பது வருஷம் துணியோடு மாரடித்தவள் நான், துணி எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும். கடல் காற்று என்னை முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. மோட்டார் பாதி வேலைதான் செய்திருக்கிறது. சாயங்காலமே வாங்க என்று அவள் ஏன் அழுத்திச் சொன்னாள் என்பதும் புரிந்தது. கடலில் காற்றைப் பார்த்துப் பிழைக்கிற வீட்டுப் பெண் அவள், காற்றை வைத்து சைக்கிளை விற்கப் பார்த்தாள்.

வண்டியைத் திருப்பினேன். பெரிய வண்டியில் பின்னால் வந்தவள் முகம் மாறியது.

"எங்க போறீங்க டீச்சர்?"

"மேட்டுக்குத்தான். செருப்ப மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன் போலருக்கு" என்றேன். இரண்டு காலிலும் என் செருப்புதான் இருந்தது.

எதிர்காற்றில் சைக்கிள் முனகியது. முதல் கோடு போனது. சிறிது தூரத்தில் அடுத்தது. மேட்டுக்குள் நுழையும்போது ஒரே ஒரு கோடு, அதுவும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவைத்து, அவளைப் பார்த்தேன். அவள் கவிழ்த்துவைத்த மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"காத்து எதிர்க்குது, அதுக்கு நான் என்னங்க பண்றது" என்றாள்.

"காத்து உன் சொந்தக்காரன்தானே. உண்மைய சொல்லும்மா, எவ்வளவு தூரம் போகும்?"

பெட்டியில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள். பிறகு மறைக்கவில்லை. "ஒரு வழி போகும் டீச்சர். நான் மீன எடுத்துக்கிட்டு டவுனுக்கு வருவேன், நாலு தெரு சுத்துவேன், அங்க டீக்கடையில சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருப்பேன், நாலு மணி நேரம் ஆவும் ஏறுறதுக்கு. அப்புறம்தான் வீட்டுக்கு. உக்கார நேரம் இல்லாமதான் புது வண்டி எடுத்தேன்."

"போலகம் வரைக்கும் போகுமா?"

"போவும். காலைல காத்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி கிளம்பினா தாராளமா போவும். ஆனா சார்ஜ் போடாம திரும்ப வராது. உங்ககிட்ட இனிமே என்னத்துக்குப் பொய்" என்றாள்.

நாலு மணி நேரம். அந்த வார்த்தை என் காதில் விழுந்த விதத்தை நான் எப்படிச் சொல்வது. போலகத்தில் போய் இறங்கி, பேட்டரியைத் தங்கை வீட்டில் மாட்டிவிட்டு, நாலு மணி நேரம் நான் எங்கேயும் போக முடியாது. எத்தனை ஹாரன் அடித்தாலும் முடியாது. எதிர்வீட்டு நாய் தொண்டை கிழியக் குரைத்தாலும் முடியாது. நல்ல பேட்டரி போட்ட சைக்கிள் என்றால் போன உடனே திரும்பி வர வேண்டியிருக்கும். எனக்கு வேண்டிய சைக்கிள் இதுதான். சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

ஆனால் நான் மீன் வாங்கிப் பழகியவள். முகத்தை முடிந்தவரை தொங்கவிட்டுக்கொண்டேன்.

"ஒரு வழி போற வண்டிய வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது" என்று பெருமூச்சு விட்டேன். பாதி உயிர் உள்ள பேட்டரி என்றேன். புதுசு போட்டால் சைக்கிள் விலையே வந்துவிடும் என்றேன். என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். விலை இறங்கியது. ஆட்டோவைக் கூப்பிடப் போவதுபோல் ரோட்டைப் பார்த்தேன், இன்னும் இறங்கியது. கடைசியில் அவள் ஒத்துக்கொண்ட பிறகு, சார்ஜரைக் கொசுறாகக் கொடு என்றேன்.

"சார்ஜர் இல்லாம சைக்கிள எவ டீச்சர் விப்பா? அது கூடவே வர்றதுதான்" என்றாள்.

"அப்ப கொசுறுக்கு வேற ஏதாவது கொடு" என்றேன். முறைத்துக்கொண்டே அரைக்கிலோ நெத்திலியை அள்ளிப் பையில் போட்டாள். எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு நெத்திலி கொசுறு வாங்கியவள் இந்தத் தேசத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டில் இன்னொரு தொல்லை முளைத்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் சைக்கிளைச் சுற்றி நாலு பூனைகள் உட்கார்ந்திருந்தன, திருப்பலிக்கு வந்தவர்கள் மாதிரி அமைதியாக. மீன் வாசம் சட்டத்தின் உள்ளுக்குள்ளேயே ஊறியிருந்தது. மீன் சட்டி கழுவுகிற முறையில் புளியும் கடலைமாவும் போட்டு, மோட்டாரில் தண்ணீர் படாமல் ஈரத்துணியால் துடைத்தேன். நாலு பூனை மூன்றானது. பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் முகர்ந்தும் பார்க்க வேண்டும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சைக்கிளை ஒரு மணி நேரம் சோதித்தார். குறை சொல்ல எதுவும் அகப்படாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"ரேஞ்சு எவ்வளவு?" என்று கேட்டார்.

"போலகம் வரைக்கும் போகும்ங்க" என்றேன். சத்தியமான வார்த்தை.

அடுத்த சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். காற்று இன்னும் எழுந்திருக்கவில்லை. அரசலாற்றுப் பாலம்தான் எங்கள் ஊருக்கு மலை, அதில் ஏறும்போது முதல் கோடு போனது. பாலத்து நடுவில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தினேன், அவரும் நிறுத்தினார். காலடியில் ஒரு சுருள் நைலான் கயிறு வைத்திருந்தார்.

"அது எதுக்கு?"

"நின்னுட்டா கட்டி இழுக்க வேணாமா?" என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் பாசம் வந்துவிட்டது, ஆனால் அதற்காக அவரைக் கூட்டிப்போக முடியாது.

"நீங்க பின்னாடியே வந்தா அது டெஸ்ட்டே கிடையாது. நின்னா போன் பண்றேன், வீட்டுக்குப் போங்க" என்றேன். கயிற்றோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

திருமலைராயன்பட்டினம் தாண்டும்போது ரெண்டு கோடு. போலகத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு கோடு, கண்சிமிட்ட ஆரம்பித்தது. என் இதயமும் கூடவே சிமிட்டியது. இங்கே நின்றால் ஆயுசுக்கும் ஸ்கூட்டரின் பின்சீட்டுதான். மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தேன். செத்த பேட்டரியோடு சைக்கிள் எவ்வளவு கனக்கும் என்பதையும் வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும், அதை நான் பார்க்கவில்லை. முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின. தங்கையின் பூவரச மரம் தெரிந்ததும் மிச்சமிருந்த உயிருக்கு மோட்டாரைப் போட்டு, ராணி மாதிரி வாசலில் போய் இறங்கினேன்.

தங்கை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்.

"அத்தான் எங்க?"

"வரல. நான் மட்டுந்தான்."

"எப்ப கிளம்பணும்?"

"சார்ஜ் ஏறினாதான் கிளம்ப முடியும். நாலு மணி நேரம் ஆகும்" என்றேன். அவள் பேட்டரியை என் கையிலிருந்து வாங்கிக் கைக்குழந்தை மாதிரி உள்ளே தூக்கிப்போனாள். டிவிக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டினோம். சிவப்பு விளக்கு எரிந்தது.

பூசணிக்காய் கதை அன்றைக்கு முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரி அருவாளோடு உள்ளே வந்தாள், எதற்கென்றால் சுவர் தாண்டிய கொடி இந்தப் பக்கம் ஏதாவது காய்த்திருக்கிறதா என்று பார்த்து அறுத்துப்போக. அவளை உட்காரவைத்து, முதல் காயில் செய்த கூட்டையே தங்கை அவளுக்குப் பரிமாறினாள். அவளும் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, காய் எங்கே வாங்கினாய் என்று கேட்டாளாம். அவ்வளவுதான் கதை. இதற்காகவா மாதக்கணக்கில் காத்திருந்தேன் என்று நான் கேட்க, இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பத்து மணி சுமாருக்கு போன் வந்தது.

"போய்ச் சேந்துட்டியா?" என்றார்.

"சேந்துட்டேன்ங்க."

"நிக்கலயா?"

"நிக்கல."

"சரி. எப்ப கிளம்புற?"

"சார்ஜ் ஏறணும்ங்க."

"நான் வேணா வந்து கூட்டிக்கிட்டு வரவா?"

"வண்டிய யாரு ஓட்டிட்டு வர்றது?" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னவர் அதைக் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு எனக்கும் தங்கைக்கும் பேச எதுவும் மிச்சமில்லாமல் போனது. அப்படி ஒன்று நடக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. பேச்சு தீர்ந்துபோய் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவள், தனியாக இருக்கும்போது சமைக்கத் தோன்றுவதில்லை என்றும், ராத்திரி டிவியை அணைத்ததும் வீடு பெரிதாகிவிடுகிறது என்றும், வேறு எதையோ பேசுவதுபோலச் சொன்னாள். ஹாரன் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இதெல்லாம் வரிசையில் பின்னால் நின்றிருக்கிறது, முறை வரவேயில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் நெத்திலிக் கருவாடு வறுத்து, ரெண்டு பேரும் ஒரே பாயில் படுத்துத் தூங்கினோம்.

விழித்துப் பார்த்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பேட்டரியைப் பார்க்க எழுந்துபோனேன். சார்ஜரில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அந்த மேட்டுக்காரி கடைசியில் சார்ஜரில் கைவைத்துவிட்டாளா என்று நினைத்தேன். குனிந்து ஒயரைத் தொட்டேன், பிளக்கை அழுத்தினேன், பிறகுதான் மேலே பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது.

தங்கை அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"நீ அணைச்சியா?" என்று கேட்டேன்.

"கரண்டு பில்லு ஏறுமேன்னு அணைச்சேன்" என்றாள் திரும்பாமல்.

எத்தனை மணிக்கு அணைத்தாய் என்று நான் கேட்கவில்லை. சுவிட்சில் கை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அப்படியே அடுப்படிக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். போன் அடித்தது.

"என்ன, சார்ஜ் ஏறுதா?" என்றார் என் கணவர்.

"இன்னும் ஏறலைங்க" என்றேன்.